ஊசியில் நூல் கோர்ப்பது: சிறுவயது நினைவிலிருந்து ஒரு சின்ன கேம் செய்யும் வழி

சிறுவயதையும் வீட்டு மனிதர்களையும் வைத்து ஒரு கேம் செய்யவேண்டும் என்ற ஆசை நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆசையோடு உட்கார்ந்து, முழு வீடு, மூன்று தலைமுறை, பத்து வருடக் கதை என்று திட்டம் போட்டு, இரண்டாவது மாதத்திலேயே விட்டுவிடுகிறார்கள். நான் என் பாட்டியின் தையல் மெஷினை வைத்து ஒன்று செய்து முடித்திருக்கிறேன். விளையாட இருபது நிமிடம் போதும், செய்ய ஏழு மாதம் ஆனது. அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் செய்யலாம், வரையத் தெரியாதவர்களும் செய்யலாம். நினைவு மட்டும் உங்களுடையதாக இருக்கவேண்டும்.

கை என்ன செய்தது?

கதையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒரு நோட்டில், அந்த வீட்டில் இருந்த பொருள்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை வைத்து உங்கள் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். ரேடியோ: குமிழை மெதுவாகத் திருப்பினேன். தாழ்ப்பாள்: எட்டவில்லை, ஸ்டூல் போட்டு ஏறினேன். கடிகாரம்: பார்த்தேன். என் பட்டியலில் முப்பது பொருள்கள் வந்தன, அதில் இருபத்தாறுக்குப் பக்கத்தில் "பார்த்தேன்" என்பதைத் தவிர எதுவும் எழுத முடியவில்லை. பார்த்ததை எல்லாம் ஆல்பத்தில் போடலாம். கேமில் விளையாடுகிறவருக்குச் செய்ய ஏதாவது வேண்டும். மிச்சமிருந்த நான்கில் ஒன்று, ஊசியில் நூல் கோர்ப்பது. பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டு "கண்ணு, இதைக் கொஞ்சம் கோத்துக் குடு" என்பார், நான் நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, ஊசிக் காதைத் தேடுவேன். இதில் ஒரு செயல் இருக்கிறது, ஒருவருக்கு இன்னொருவர் தேவைப்படுவதும் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்த ஒன்று உங்கள் பட்டியலிலும் கட்டாயம் இருக்கும், கிடைக்கும்வரை எழுதிக்கொண்டே இருங்கள்.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவின் விட்ச் பீம் நிறுவனம் 2021இல் வெளியிட்ட 'அன்பேக்கிங்' விளையாடிப் பாருங்கள். பெட்டியிலிருந்து பொருள்களை எடுத்து அடுக்குவதுதான் அதில் உங்கள் வேலை. 1997இல் ஒரு சிறுமியின் படுக்கையறையில் தொடங்கி 2018 வரை அவள் இடம் மாறும்போதெல்லாம், எட்டு முறை பெட்டி பிரிக்கிறீர்கள். அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை, வசனமும் கிடையாது. 2010இல் அவள் காதலனோடு வசிக்கப் போகும் வீட்டில் அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்ட எந்தச் சுவரிலும் இடம் கிடைக்காது, கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளவேண்டியிருக்கும். அந்த உறவு எப்படிப்பட்டது என்று நம் கைக்கே தெரிந்துவிடுகிறது.

சரி, செயல் கிடைத்துவிட்டது. அடுத்தது அதைத் திரும்பத் திரும்ப வரவைத்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றுவது. இந்த முறையை நான் 2018இல் வந்த 'ஃப்ளோரன்ஸ்' என்ற கேமில்தான் முதலில் கவனித்தேன். அதில் காதலிக்கப்போகும் இருவரின் முதல் சந்திப்பில் பேச்சுக் குமிழியைப் பல துண்டுகளாக இணைக்கவேண்டும், இருவரும் நெருங்க நெருங்கத் துண்டுகள் குறைந்துகொண்டே போகும், அதாவது பேசுவது எளிதாகிவிட்டது. என் கேமில் ஊசி நான்கு முறை வருகிறது. முதல் முறை ஐந்து கிளிக், நூல் விலகி விலகிப் போகும். இரண்டாவது முறை மூன்று. மூன்றாவது முறை ஒரே கிளிக், ஏனென்றால் பேரனுக்குக் கை பழகிவிட்டது. நான்காவது முறை அவனுக்கே வயதாகிவிட்டது, ஏழு கிளிக் செய்தும் நூல் நுழையாது, எட்டாவதாகத் திரையில் புதிதாக ஒரு வரி வரும்: "பக்கத்தில் யாராவது இருந்தால் கூப்பிடு." கேமில் பாட்டியைப் பற்றி நான் உருக்கமாக எழுதிவைத்திருந்த இரண்டு பக்கத்தை இந்த ஒரு வரி வந்த பிறகு எடுத்துவிட்டேன்.

அளவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு அறை, மூன்று பேருக்கு மேல் வேண்டாம், காலம் நீண்டாலும் இடம் மாறக்கூடாது. முழு வீடும் வேண்டும் என்று தோன்றினால், மற்ற அறைகளைச் சத்தமாக மட்டும் கேட்க வையுங்கள்.

வீட்டாரிடம் கேட்பது

இந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள், முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் என்று யார் இருக்கிறார்களோ அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், அனுமதி கேட்டுக்கொண்டு போனில் பதிவு செய்யுங்கள். "அந்த நாள் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள். பொருளைப் பற்றிக் கேளுங்கள். மெஷின் எந்தச் சுவர் ஓரமாக இருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, இழுப்பறையில் என்னென்ன கிடக்கும், அது ஓடும்போது தரை அதிருமா. இழுப்பறையைப் பற்றிக் கேட்டதற்கு என் அம்மா நாற்பது நிமிடம் பேசினார், அதில் பாதி எனக்குத் தெரியவே தெரியாத கதை.

கண்டிப்பாக ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போகாது. எனக்கு மெஷின் மேசை பச்சை, அண்ணனுக்கு நீலம், அம்மா அதற்குச் சாயமே அடிக்கவில்லை, வெறும் மரம் என்கிறார். எது சரி என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் பழைய போட்டோக்களைத் தேடினேன், பிறகுதான் தேடுவதையே நிறுத்தினேன். நினைவு பூட்டிவைத்த பெட்டி மாதிரி இருப்பதில்லை, ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தது நினைவில் நிற்பதே அபூர்வம், நிற்பதாக நாம் நம்புவதில் வீட்டார் சொல்லிக் கேட்டதும் போட்டோவில் பார்த்ததும் கலந்திருக்கலாம். எனவே வேறுபாட்டைத் தீர்க்காமல் கேமுக்குள்ளேயே விடுங்கள். என் கேமில் மேசையைத் தொட்டால் "யார் சொல்வதைக் கேட்கிறாய்?" என்று வரும், யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்த நிறத்துக்கு மேசை மாறும்.

மறந்துபோன இடத்தையும் அப்படியே விடலாம். 2023இல் வந்த 'வெண்பா', 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அதில் அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்தும் அழிந்தும் இருக்கும், விடுபட்ட வரிகளை விளையாடுகிறவர் ஊகித்துச் செய்யவேண்டும். மறதியே அங்கே புதிராகிவிடுகிறது. உங்களுக்கு ஒரு பாட்டின் பாதி மட்டும் நினைவிருந்தால், பாதியோடு நிற்கட்டும்.

எங்கிருந்து பார்ப்பது?

1983இல் ஜார்ஜியா நிக்ரோ, உல்ரிக் நைஸர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சில நினைவுகளை நாம் நம் கண் வழியாகவே பார்க்கிறோம், சிலவற்றில் வெளியே நின்று நம்மையே ஒரு ஆளாகப் பார்க்கிறோம், பழைய நினைவுகள் இந்த இரண்டாவது வகையில் வருவது அதிகம் என்பது அதன் சாரம். கேம் செய்கிறவருக்கு இது நேரடியாக உதவும். கண்ணை மூடி அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள், அதில் நீங்கள் தெரிகிறீர்களா? தெரிந்தால் அறையை வெளியிலிருந்து காட்டுங்கள், சிறு உருவமாக நீங்களும் அதில் இருங்கள். தெரியாவிட்டால் உங்கள் கண் உயரத்திலிருந்து காட்டுங்கள். ஆறு வயதுக் குழந்தையின் உயரம் சராசரியாக 115 சென்டிமீட்டர்தான், கண் அதைவிடச் சற்றுக் கீழே, கிட்டத்தட்ட கதவின் கைப்பிடி இருக்கும் இடத்தில். மேசையின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம்தான் அந்த வயதில் நன்றாகத் தெரியும். எழுத்தால் மட்டுமே செய்யும் கேமிலும் இது பொருந்தும்: பாட்டியின் முகத்தை வர்ணிப்பதற்கு முன் மெஷின் மிதியில் இருந்த பாதத்தை வர்ணிக்கவேண்டும் என்று எனக்குப் புரிந்தது இதனால்தான்.

எதில் செய்வது?

முதல் கேம் என்றால் ட்வைன் எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ் கிளைமாஸ் 2009இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது, திறமூலமும்கூட, அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பக்கம், அதற்குள் சாதாரணமாகத் தமிழில் எழுதலாம். அடுத்த பக்கத்துக்கு வழி வைக்க இரட்டைச் சதுர அடைப்பு போட்டால் போதும்: [[இழுப்பறையைத் திற->இழுப்பறை]]. அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது விளையாடுகிறவர் பார்ப்பது, பின்னால் இருப்பது போகவேண்டிய பக்கத்தின் பெயர். அந்தப் பெயரில் பக்கம் இல்லையென்றால் ட்வைனே ஒன்றை உருவாக்கிவிடும். ஊசி கோர்க்கும் காட்சி முழுவதையும் நான் இந்த ஒரு வசதியை வைத்தே செய்தேன், "நூலை நனை", "காதைத் தேடு", "நுழை" என்று மூன்று லிங்க், நழுவினால் மறுபடி முதல் பக்கம்.

மேசை நிறம் மாதிரி எதையாவது கேம் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும் என்றால் மாறிகள் தேவைப்படும். டாலர் குறி போட்டு ஒரு பெயர் வைத்து அதில் மதிப்பைச் சேமித்து, பிறகு 'இப்படி இருந்தால் இதைக் காட்டு' என்று நிபந்தனை எழுதுவீர்கள், ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். மாறியின் பெயரை ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ட்வைனுக்குள் பல கதை வடிவங்கள் உண்டு, கட்டளை எழுதும் விதமும் வசதிகளும் ஒவ்வொன்றிலும் வேறு. ஹார்லோவில் தொடங்குவது எளிது, சேமிப்பு வசதியும் அமைப்புகளும் தயாராக வேண்டுமென்றால் சுகர்க்யூப். நடுவில் மாற்றினால் எழுதிய நிபந்தனைகளை எல்லாம் திருத்தவேண்டி வரும், முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ட்வைனை பிரவுசரிலேயே திறந்து எழுதினால் உங்கள் கதை அந்த பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கும்; வரலாறை அழிக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடலாம், சஃபாரியில் ஏழு நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தாலே போய்விடக்கூடும். கணினியில் நிறுவும் பதிப்பையே பயன்படுத்துங்கள், ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

படங்களும் வசனங்களும் அதிகம் என்றால் 2004இலிருந்து இருக்கும் ரென்பை என்ற கேம் செய்யும் மென்பொருள் நல்லது. அறைக்குள் நடமாடவேண்டும், பொருளை இழுத்து வைக்கவேண்டும் என்றால் கோடோ என்ற இன்னொரு மென்பொருள், ஆனால் கண்டிப்பாக 4ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ எடுங்கள். முந்தைய பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து தெரியும், 4இல்தான் அது சரியானது. எந்தக் கருவியாக இருந்தாலும் முதல் நாளே "கொக்கோ, ஸ்ரீ, நூல் கோத்துக் குடு" என்று அடித்துப் பார்த்துவிடுங்கள்.

தமிழுக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சாகி வருவதுபோல் காட்டுவது இந்த வகை கேம்களில் வழக்கம். கணினிக்கு நம் "க்" என்பது இரண்டு குறிகள், கவும் புள்ளியும். அதனால் "அக்கா" என்பது திரையில் அ, அக, அக், அக்க, அக்கா என்று துடித்துத் துடித்து வரும், படிக்கவே முடியாது. சொல் சொல்லாக வரும்படி மாற்றுங்கள், நம் மொழிக்கு அது அழகாகவும் இருக்கிறது. எழுத்தெழுத்தாகத்தான் வேண்டும் என்றால் பிரவுசர்களின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி முழு எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். ஃபான்ட்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டும் இலவசம், கேமோடு சேர்த்துக் கொடுக்கவும் உரிமம் அனுமதிக்கிறது. மேலும் கீழும் நீளும் எழுத்துகள் நமக்கு அதிகம், எனவே வரிகளுக்கு நடுவே இடைவெளியைத் தாராளமாக, வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.6 மடங்கு வரும்படி, வையுங்கள்.

எழுதும்போது விவரிப்பு உங்கள் இயல்பான எழுத்துத் தமிழில் இருக்கட்டும், ஆனால் வீட்டார் பேசுவது வீட்டில் பேசிய மாதிரியே இருக்கவேண்டும். "பாட்டி என்னை அழைத்து உதவி கேட்டார்" என்று எழுதிய இடத்தில் யாருக்கும் பாட்டி தெரியவில்லை, "கண்ணு" என்று மாற்றிய அன்றைக்குத்தான் அவர் வந்தார். பதிவு செய்த பேச்சிலிருந்து வாக்கியங்களை அப்படியே எடுத்துப் போடுங்கள், பாதியில் நின்றவற்றையும் சேர்த்து.

நிறமும் சத்தமும்

வரைய வராவிட்டால் பழைய போட்டோவிலிருந்து நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சின்ன போட்டோவை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, கிரிட்டா போன்ற இலவச மென்பொருளில் திறந்து, நிறம் உறிஞ்சும் கருவியால் சுவர், துணி, வெயில் என்று ஐந்தாறு நிறங்களை எடுங்கள். அந்த ஐந்தாறைத் தவிர வேறு எதையும் கேமில் பயன்படுத்தாதீர்கள். பல பழைய வண்ணப் போட்டோக்கள் சிவப்பேறி இருக்கும், நீலச்சாயம் முதலில் மங்கிவிடுவதால் வருவது அது. அதைத் திருத்தவேண்டாம் என்பது என் கருத்து, நமக்கு அந்தக் காலம் அந்தச் சிவப்போடுதான் பழக்கம். படிக்கும் எழுத்துக்கு மட்டும் பின்னணியோடு 4.5:1க்குக் குறையாத வெளிச்ச வேறுபாடு இருக்கவேண்டும், இணையத்தில் அளந்து சொல்லும் கருவிகள் இருக்கின்றன. வயதானவர்கள்தான் உங்கள் முதல் விளையாட்டுக்காரர்கள், அவர்களால் படிக்க முடியவேண்டும்.

படத்தைவிடச் சத்தம் ஆழமாகப் போகும். அதே பொருள் இன்னும் இருந்தால் போனிலேயே பதிவு செய்யுங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை மேசைமேல் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு. ஆள் பேசாத வெறும் அறையையும் அரை நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் காட்சிக்கும் அடியில் அதை மெல்ல ஓடவிட்டால் திரைக்குப் பின்னால் ஒரு இடம் இருப்பதாகத் தோன்றும். ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். சினிமாப் பாட்டு வேண்டாம், முணுமுணுத்தாலும் மெட்டுக்கு உரிமை உண்டு. அப்புறம், விளையாடுகிறவர் ஒருமுறையாவது கிளிக் செய்யும்வரை பிரவுசர்கள் ஒலியைத் தடுத்துவைக்கும், எனவே முதல் பக்கத்தில் "உள்ளே வா" என்று ஒரு லிங்க் மட்டும் வைத்து அதிலிருந்து ஒலியைத் தொடங்குங்கள்.

இதம் என்பது

இதமான கேம் என்றால் சோகமே இருக்கக்கூடாது என்று நினைத்துக் கதையைச் சர்க்கரையாக்கிவிடாதீர்கள். விளையாடுகிறவருக்குப் பாதுகாப்பும் நிறைவும் மென்மையும் கிடைக்கவேண்டும் என்பதுதான் வடிவமைப்பாளர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம். நேரக் கெடு கூடாது, தோல்வி கூடாது, தவறாகச் செய்தால் தண்டனை கூடாது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு வரலாம். அந்தப் பாதுகாப்புக்குள் பாட்டி இல்லாமல் போகலாம், அப்பா கோபப்படலாம், வீடு விற்கப்படலாம். என் கேமில் நூல் பலமுறை நழுவும், ஆனால் ஒருமுறைகூடப் பாட்டி அவசரப்படுத்த மாட்டார். "மெதுவா பண்ணு" என்பதைத் தவிர நூல் நழுவும்போது அவருக்கு வசனமே இல்லை.

உயிரோடு இருக்கிறவர்கள் கதையில் வந்தால் வெளியிடும் முன் அவர்களுக்குக் காட்டுங்கள், வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பகுதியை எடுத்துவிடுங்கள், பேரம் பேசாதீர்கள். அண்ணன் கேட்டுக்கொண்டதால் நான் ஒரு முழுக் காட்சியை நீக்கினேன், அது நல்ல காட்சி, ஆனால் அது அவருடைய வாழ்க்கை. பெயர்களை மாற்றலாம், செல்லப்பெயரை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் ட்வைனில் வெளியிடு என்பதை அழுத்தினால் ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு வரும், எந்த பிரவுசரிலும் திறக்கும். படமும் ஒலியும் தனிக் கோப்புகள் என்றால் அதே ஃபோல்டரில் இருக்கவேண்டும். மற்றவர்களுக்குக் காட்ட, சின்ன கேம்களை யாரும் வெளியிடக்கூடிய இட்ச் ஐஓ (itch.io) தளத்தில் ஏற்றலாம்: முதன்மைக் கோப்புக்கு இன்டெக்ஸ் (index.html) என்று பெயர் வைத்து, எல்லாவற்றையும் ஜிப் செய்து ஏற்றி, பிரவுசரில் விளையாடுவது என்று குறியுங்கள். சொந்தக்காரர்கள் மட்டும் பார்த்தால் போதும் என்றால் பக்கத்தைக் கட்டுப்படுத்தப்பட்டதாக வைத்து ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்துவிடலாம்.

ஆனால் அதற்கு முன்பு ஒருவரை உங்கள் கணினியில் உட்காரவைத்து விளையாடச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருங்கள். எங்கே நிறுத்திப் படிக்கிறார், எங்கே படிக்காமல் தட்டிக்கொண்டே போகிறார், எந்த லிங்க்கைத் தொடவே இல்லை என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தட்டிக்கொண்டே போன இடங்களை மறுநாள் பாதியாக வெட்டுங்கள். நான் அம்மாவை உட்காரவைத்தேன். மூன்றாவது ஊசிக்கு வந்ததும், ஒரே கிளிக்கில் நூல் உள்ளே போனதும், மவுஸை விட்டுவிட்டு, "அந்த இழுப்பறைல ஒரு சாக்கட்டியும் இருக்கும், நீ வைக்கலையே" என்றார். அன்றைக்கே வைத்தேன்.